பேச்சுவார்த்தை, பத்தாயம், போர்க்களம்: எந்த ஸ்ட்ராடஜி கேம் வாங்கலாம்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

நமக்கு ஊரு பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆத்தங்கரை. காலேஜ் படிக்கும்போது புடிச்ச பழக்கம், இன்னைக்கும் அறுவடை முடிஞ்சு கொஞ்சம் ஓய்வு கெடைச்சா ஒரு ராஜ்ஜியத்தை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துருவேன். கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம்னு இருக்குற தம்பிங்க, அத்தை மாமா வீட்டுப் பசங்க எல்லாரும் லேப்டாப் வாங்குன உடனே கேக்குறது இதுதான், ராஜதந்திரமும் வேணும் ராஜ்ஜியம் கட்டுறதும் வேணும் சண்டையில நானே படைய நடத்தணும், எந்த கேம் வாங்கட்டும்னு. ஒவ்வொருத்தருக்கா சொன்னதை இங்க ஒண்ணா எழுதிட்டேன்.

அண்ணே, எல்லா ஸ்ட்ராடஜி கேமும் ஒண்ணுதானே? என்ன வித்தியாசம்?

இல்லப்பா. சுருக்கமா சொல்றேன். சிவிலைசேஷன் மாதிரி கேம்ல நீ ஒரு தடவை நகத்துவ, அப்புறம் எதிராளி நகத்துவான் (இந்த ஒரு முறையத்தான் டர்ன்னு சொல்லுவாங்க), சண்டையும் அதே கட்டத்துலயே முடிஞ்சுரும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி கேம்ல எல்லாமே ஓடிக்கிட்டே இருக்கும், மரம் வெட்டுறதுல இருந்து கோட்டைய இடிக்கிற வரைக்கும் ஒரே மணி நேரத்துல முடிஞ்சுரும், ஆனா பேச்சுவார்த்தைன்னு பெருசா ஒண்ணும் இருக்காது, நட்பா பகையான்னு ஒரு பட்டனும் கப்பம் அனுப்புறதும்தான். நீங்க கேக்குறது இது ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வகை. மேப்புல நிதானமா வரி, சோறு, கல்யாணம், ஒப்பந்தம்னு யோசிப்போம், ரெண்டு படை மோதிக்கிட்டா மட்டும் களத்துக்குள்ள எறங்கி நேரடியா நடத்துவோம். இந்த வகைல பெரிய பேரு டோட்டல் வார், பிரிட்டன்ல இருக்குற கிரியேட்டிவ் அசெம்பிளி செய்யிறது, 2000ல ஷோகன்ல ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

எதை வச்சு தேர்ந்தெடுக்கணும்? கிராபிக்ஸா, மேப்பு பெருசான்னா?

ரெண்டும் இல்ல. நான் பாக்குறது ஒரே விஷயம், பேச்சுவார்த்தை, பத்தாயம் (அதாவது நாட்டோட நெல்லுக் கையிருப்பு), போர்க்களம் இது மூணும் ஒண்ணை ஒண்ணு கட்டிப் போட்டிருக்கான்னு. களத்துல தோத்தா ஊர்ல நெல்லு கொறையணும், நெல்லு கொறைஞ்சா பக்கத்து ராஜா பேசுற தொனி மாறணும், அவன் தொனி மாறுனா அடுத்த சண்டை எங்க வரும்னு மாறணும். இந்தச் சங்கிலி அறுந்துபோன கேம்ல எவ்வளவு அழகான யானை குதிரை ஓடுனாலும் பத்து மணி நேரத்துல சலிச்சுரும்.

நம்ம ஊரு வரலாறுலயே இதுக்கு உதாரணம் இருக்கு. 949ல தக்கோலத்துல ராஷ்டிரகூட மூணாம் கிருஷ்ணனோட நடந்த சண்டை, அதுல சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலயே செத்துப்போனான். ஒரு ஆள் செத்தது ஒரு மதியம்தான், ஆனா அதுக்கப்புறம் தொண்டை மண்டலம் சோழங்க கைய விட்டுப்போய் திரும்ப நிமிர பல வருஷம் ஆச்சு, ராஜராஜன் 985ல பட்டத்துக்கு வர்றப்போதான் பழைய பலம் திரும்புது. ஒரு களத்துத் தோல்வி ஒரு தலைமுறைய சாச்சுது பாருங்க, அந்தக் கனம் கேம்ல இருக்கணும். டோட்டல் வார் எல்லாத்துலயும் தளபதி செத்தா மொத்தப் படைக்கும் மனசு ஒடைஞ்சு ஓட ஆரம்பிக்கும், தக்கோலத்தைப் படிச்சவனுக்கு அது சும்மா கேம் ரூல் மாதிரி தோணாது.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி யாராவது முழு கேம்பெயின், அதாவது ஒரு ராஜ்ஜியத்தை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும், ஆடுற வீடியோ ஒண்ணு பாருங்க, சண்டை வர்ற எடத்தைத் தள்ளிவிட்டுட்டு சண்டை முடிஞ்சு அடுத்த நாலு டர்ன் என்ன நடக்குதுன்னு பாருங்க. அங்க ஒண்ணும் நடக்கலைன்னா அந்த கேம் உங்களுக்கு இல்ல.

டோட்டல் வார்லயே பதினஞ்சுக்கு மேல இருக்கே, எதுல ஆரம்பிக்கிறது?

ஷோகன் 2. இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கெடையாது. 2011ல வந்தது, ஜப்பான்ல 1545ல ஆரம்பிக்குது, மேப்பு நீளமா ஒல்லியா இருக்கும், அதனால எதிரி எந்தப் பக்கம்னு புதுசா வர்றவங்களுக்குக் கொழப்பம் வராது. படைவகை எல்லா குலத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஈட்டிக்காரன் குதிரைய தடுப்பான், வாள்காரன் ஈட்டிக்காரன வெட்டுவான், குதிரை வில்லாளி மேல ஏறி மிதிக்கும், ஒரு சாயந்திரத்துல மனசுல பதிஞ்சுரும்.

ஆனா நம்ம ஆளுங்களுக்கு ஷோகன் 2ஐ நான் சொல்றதுக்கு உண்மையான காரணம் நெல்லு. அந்த கேம்ல கோட்டைய பெருசாக்குனா சோறு செலவாகும், சந்தைய பெருசாக்குனாலும் செலவாகும், வயல மேம்படுத்துனாதான் சோறு வரும். மிச்சம் இருந்தா ஊரு செழிக்கும், பத்தாக்குறை ஆச்சுன்னா சனம் கிளர்ச்சி பண்ணும். நான் மொதல்ல ஆடுறப்ப எல்லா ஊர்லயும் பெரிய கோட்டையா கட்டிக்கிட்டே போனேன், பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்த எங்கப்பா "வயலைக் கவனிக்காம கோட்டைய எதுக்குடா ஒசத்துற, கடைமடை வரைக்கும் தண்ணி போச்சான்னு பாரு மொதல்ல"ன்னாரு. அவருக்கு கேம் தெரியாது, ஆனா அவரு சொன்னதுதான் சரியான ஆட்டம். அதுல இருந்து எந்த டர்ன்லயும் சோத்துக் கணக்கைப் பாக்காம கட்டட பட்டனை அமுக்குறதில்ல.

அதுக்கு அடுத்து த்ரீ கிங்டம்ஸ், 2019ல வந்தது, சீனாவுல 190ஆம் வருஷத்துல தொடங்குது. இதப் பத்தி அடுத்த கேள்வில விரிவா சொல்றேன். பழசு வேணும்னா 2006 மெடிவல் 2, போப்பாண்டவருக்குப் புடிக்காத சண்டைய போட்டா மதத்தை விட்டே தள்ளிவச்சுருவாரு, அந்த நெருக்கடி ரொம்ப நல்லா இருக்கும், ஆனா கூட்டாளின்னு நம்புனவன் காரணமே இல்லாம வந்து ஏறுவான், அத மனசுல வச்சுக்கோங்க. ரோம் 2 வந்த 2013ல ஏகப்பட்ட கோளாறு, அடுத்த வருஷம் எம்பரர் எடிஷன்னு சரி பண்ணி விட்டாங்க, இப்ப தாராளமா ஆடலாம். அட்டிலா கஷ்டமான கேம், வருஷம் போகப் போக குளிர் ஏறி நெலத்தோட வளமே கொறைஞ்சுக்கிட்டு வரும், வெளைச்சல் விழுந்து சனங்க ஊரை விட்டுக் கெளம்புறதைப் பாக்க மனசு பாரமா இருக்கும், ரெண்டு மூணு கேம் பழகிட்டு வாங்க. வார்ஹாமர் கற்பனை உலகம், பூதம் டிராகன்னு சண்டை பிரமாதம், ஆனா அதுல பத்தாயம் ரொம்ப லேசு, நான் கேக்குற சங்கிலி அதுல தளந்துதான் இருக்கு.

ராஜதந்திரம் எந்த கேம்ல நெஜமாவே வேலை செய்யுது? சும்மா "ஒப்பந்தம் போடு"ன்னு ஒரு பட்டன் மட்டும் இருந்தா புடிக்கல.

இதான் ரொம்ப நல்ல கேள்வி. இதுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி கும்பகோணத்துக்குப் பக்கத்துல இருக்குற திருப்புறம்பியத்துக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. சுமார் 880ல அங்க பல்லவன் அபராஜிதனுக்கும் பாண்டியன் வரகுணனுக்கும் பெரிய சண்டை. கங்க மன்னன் பிருதிவிபதி பல்லவனுக்காக வந்து அங்கேயே செத்துட்டான். சோழன் ஆதித்தன் அப்ப பல்லவனுக்குக் கீழ இருந்த சின்ன ஆளு, அவனும் பல்லவன் பக்கம் நின்னான். சண்டை முடிஞ்சப்ப பாண்டியன் பலம் போச்சு, ஜெயிச்ச பல்லவனும் களைச்சுட்டான், ரெண்டு பேரையும் விட சின்னவனா இருந்த ஆதித்தன்தான் பலசாலியா நின்னான். கொஞ்ச வருஷத்துல அபராஜிதனையே தோக்கடிச்சு தொண்டை மண்டலத்தை எடுத்துக்கிட்டான். பெரியவங்க ரெண்டு பேரு மோதுறப்ப சின்னவன் யாரு பக்கம் நிக்கணும், எவ்வளவு நாள் நிக்கணும், எப்ப விலகணும், இதை ஆட விடுற கேம்தான் நல்ல டிப்ளமசி உள்ள கேம்.

அந்தக் கணக்குல த்ரீ கிங்டம்ஸ்தான் டோட்டல் வார்ல ஒசத்தி. பெரிய ஆளுக்கு அடங்கி இருக்கலாம், அவன் பலவீனமாகுறப்ப விடுதலை கேக்கலாம், நாலஞ்சு பேரு சேர்ந்து கூட்டணி கட்டலாம், ஊரையே பேரம் பேசி மாத்திக்கலாம். ஒவ்வொரு பேரத்துக்கும் எதிராளி அதை எவ்வளவு மதிக்கிறான்னு ஒரு எண் காட்டும், மைனஸ்ல இருந்தா கொஞ்சம் காசோ சோறோ சேத்து வச்சா பிளஸ் ஆகி ஒத்துக்குவான். மிச்சமான தானியத்தை டர்னுக்கு இவ்வளவுன்னு பக்கத்து நாட்டுக்கு விக்கலாம், பஞ்சத்துல இருக்குறவன் நல்ல வெலை குடுப்பான். வருஷத்துக்கு அஞ்சு பருவம், அதுல அறுவடைக்குன்னே ஒரு பருவம் இருக்கு. குறுவை, சம்பா, தாளடின்னு வாழ்ற நமக்கு இந்த கேம் அந்நியமாவே தெரியாது.

ஷோகன் 2லயும் டிப்ளமசி மோசமில்ல, கல்யாணம் பேசலாம், பிணையா வீட்டுப் புள்ளைய அனுப்பலாம், ஒப்பந்தத்தை முறிச்சா உங்க மானம் எறங்கி அப்புறம் ஒருத்தனும் நம்ப மாட்டான். ஆனா ஒரு கட்டத்துல நீங்க ரொம்ப பெருசாகிட்டா ஷோகன் (ஜப்பானை ஆளுற படைத்தலைவர்) உங்களை எதிரின்னு அறிவிச்சுருவாரு, ரெல்ம் டிவைடுன்னு சொல்லுவாங்க, அதுக்கப்புறம் நாடே உங்க மேல திரும்பும், இருபது வருஷ கூட்டாளியும் போயிருவான். சில பேருக்கு இது புடிக்காது, எனக்குப் புடிக்கும், ஏன்னா அதுக்கு முன்னாடியே காசும் நெல்லும் சேத்து வச்சு தயாராகுறதே ஒரு தனி ஆட்டம்.

டிப்ளமசிதான் உசுரு, களம் ரெண்டாம்பட்சம்னா டோட்டல் வாரை விட்டுட்டு பாரடாக்ஸ்ங்கிற நிறுவனத்தோட கேம்ஸ் பக்கம் போங்க, க்ரூசேடர் கிங்ஸ் 3 இல்லைன்னா யூரோபா யூனிவர்சாலிஸ். நேரம் ஓடிக்கிட்டே இருக்கும், வேணும்போது நிறுத்திக்கலாம். சண்டைய மட்டும் நீங்க நடத்த முடியாது, படைய அனுப்பிட்டு முடிவைப் பாக்குறதுதான். யூரோபா 4ல கண்ட ஊரையும் புடிச்சுக்கிட்டே போனா சுத்தி இருக்குறவங்க எல்லாரும் பயந்து உங்களுக்கு எதிரா கூட்டு சேந்துருவாங்க, அந்தப் பயத்தை அளந்து அளந்து ஆடணும்.

சோழனை வச்சு ஆட முடியுமா?

முடியும், ஆனா நீங்க கேட்ட மூணும் ஒரே கேம்ல சேந்து சோழனோட வர்றது இன்னும் இல்ல. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். துண்டு துண்டாத்தான் கெடைக்குது.

சண்டை மட்டும் வேணும்னா ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிடிவ் எடிஷனுக்கு 2022ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியான்னு ஒரு டிஎல்சி (கேமுக்கு மேல தனியா வாங்குற கூடுதல் பகுதி) வந்துச்சு, அதுல திராவிடியன்ஸ்னு தனி நாகரிகம், சுருள்வாள் வீசுற உருமி வீரன், திரிசடைன்னு பெரிய போர்க்கப்பல், ராஜேந்திரனுக்குத் தனி கேம்பெயினே இருக்கு. ராஜ்ஜியம் கட்டுறது மட்டும் போதும்னா 2025ல வந்த சிவிலைசேஷன் 7ல சோழர்களே ஒரு நாகரிகமா இருக்காங்க, கடல் வணிகம்தான் அவங்க பலம்.

குடும்பம், கல்யாணம், வாரிசுன்னா க்ரூசேடர் கிங்ஸ் 3. 1066ல தொடங்குனா சோழ நாடு மேப்புல கம்பீரமா நிக்கும். நம்ம வரலாறை இந்த கேம் மாதிரி வேற எதுவும் புரிய வைக்காது. ராஜராஜன் தன் பொண்ணு குந்தவைய வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கட்டிக்குடுத்தாரு. ராஜேந்திரன் தன் பொண்ணு அம்மங்கையையும் அதே வேங்கி வீட்டுக்குக் குடுத்தாரு. அந்த அம்மங்கையோட புள்ளைதான் 1070ல சோழ மண்ணுக்கு வந்து குலோத்துங்கனா பட்டம் கட்டிக்கிட்டது. ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி பேசி முடிச்ச கல்யாணம் பின்னாடி ஒரு சிம்மாசனத்தையே முடிவு பண்ணுது, க்ரூசேடர் கிங்ஸ்ல நீங்க ஆடப்போறது அச்சு அசலா இதைத்தான். 2025 கடைசில வந்த ஆல் அண்டர் ஹெவன்ங்கிற டிஎல்சில மேப்பு சீனா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா வரைக்கும் விரிஞ்சுருக்கு, கடாரம் பக்கமும் இனி கண்ணுல படும்.

இன்னும் ஒரு வழி எம்பயர் டோட்டல் வார், 2009. 1700ல தொடங்குது, இந்தியா ஒரு தனி மேப்பு, மராட்டியரை எடுத்து ஆடலாம். அந்த வருஷம் நம்ம தஞ்சாவூரே போன்ஸ்லே மராட்டியர் கையிலதான் இருந்துச்சு. தரங்கம்பாடில டேனிஷ்காரங்க 1620ல ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு வந்து உக்காந்தாச்சு, நாகப்பட்டினம் 1658ல இருந்து டச்சுக்காரங்க கிட்ட. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு ஆடுனா வெள்ளைக்காரன் வந்து வணிக ஒப்பந்தம் கேக்குறப்ப கை தானா நிக்கும்.

களத்துல கை வேகம் வேணுமா? எனக்கு நாப்பத்தஞ்சு வயசு, மவுஸ் அவ்வளவு வேகமா ஓடாது.

ஒண்ணும் பயப்பட வேணாம் மாமா. டோட்டல் வார்ல சண்டை நடுவுல நிறுத்தி வச்சுட்டு நிதானமா ஆணை குடுக்கலாம், மெதுவா ஓடவும் விடலாம், லெஜண்டரிங்கிற கடைசி கடினத்துல மட்டும்தான் நிறுத்த விடாது. வேகத்தை விட எடம்தான் முக்கியம். மேட்டுல நில்லுங்க, நடுவுல ஈட்டிக்காரங்களை அசையாம நிறுத்துங்க, எதிரி வந்து மோதி சிக்குன அப்புறம் குதிரைய சுத்தி அனுப்பி முதுகுல விடுங்க. இந்த ஒரு வித்தை 2004 ரோம்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் வேலை செய்யுது. குதிரைய மோத விட்டுட்டு அங்கேயே விட்டுறாதீங்க, பின்னாடி இழுத்து மறுபடி மோத விடணும், நின்னு வெட்டிக்கிட்டிருந்தா குதிரை சாவும்.

மௌண்ட் அண்ட் பிளேடு பேனர்லார்ட் மட்டும் உங்களுக்கு வேணாம். துருக்கில செஞ்ச கேம், 2022ல முழுசா வந்துச்சு, ஒரு தனி ஆளா ஆரம்பிச்சு கூலிப்படை, ராஜாவுக்கு அடங்குன தலைவன், அப்புறம் சொந்த ராஜ்ஜியம்னு ஏறலாம், கல்யாணம் பண்ணலாம், ரொம்ப அருமையான கேம்தான், ஆனா களத்துல நீங்களே குதிரை மேல உக்காந்து வாளைச் சுத்தணும், அங்க கை வேகம் வேணும். பசங்களுக்கு ரொம்பப் புடிக்கும்.

எல்லா சண்டையும் நானே நடத்தணுமா? ஆட்டோ ரிசால்வ் போட்டா தப்பா?

தப்பே இல்ல. ஆட்டோ ரிசால்வ்னா சண்டைய நீங்க நடத்தாம கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு முடிவு சொல்றது. மூணு மடங்கு பெரிய படைய வச்சுக்கிட்டு ஒரு சின்ன ஊரைப் புடிக்க அரை மணி நேரம் செலவழிக்காதீங்க. சரிபாதி பலம் இருக்குற சண்டையும், தோத்தா நாடே போயிரும்ங்கிற சண்டையும்தான் நீங்க எறங்கி நடத்த வேண்டியது.

டோட்டல் வார் தவிர வேற இல்லவே இல்லையா?

இருக்கு. நைட்ஸ் ஆஃப் ஹானர் 2 சாவரின், 2022 டிசம்பர்ல வந்தது, பல்கேரியாக்காரங்க செஞ்சது. இதுல மேப்பும் நிக்காம ஓடும், டர்னே கெடையாது. தளபதி, வணிகன், தூதுவன், ஒற்றன், மதகுருன்னு அரசவைல ஆளை நியமிக்கணும், எடம் கொஞ்சம்தான், தூதுவனை வச்சா தளபதிக்கு எடம் போகும், அந்த நெருக்கடி நல்லா இருக்கு. களத்துச் சண்டை டோட்டல் வார் அளவுக்கு ஆழமில்ல, ஆனா ஒரு வாரத்துல ஒரு ராஜ்ஜியத்தை முடிச்சுரலாம். ரைஸ் ஆஃப் நேஷன்ஸ் 2003, பழசு, சின்ன லேப்டாப்ல ஓடும், எதிரி நாட்டுக்குள்ள சரக்கு வண்டி இல்லாம போனா படை தானா தேயும், அந்த ஒரு யோசனைக்காகவே ஆடலாம். வானத்துல வேணும்னா சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் 2.

காசே இல்லாம வேணும்னா 0 ஏ.டி.ன்னு ஒரு இலவச கேம் இருக்கு, மௌரியர்களை வச்சு ஆடலாம், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி. பேச்சுவார்த்தை அதுல கம்மி.

நாகப்பட்டினம்ண்ணே நம்மளது, கப்பல் சண்டை எதுல இருக்கு?

எம்பயர்ல இருந்துதான் கப்பல் சண்டைய நேரடியா நடத்த முடிஞ்சது. அதுக்கப்புறம் நெப்போலியன், ஷோகன் 2, ரோம் 2, அட்டிலா இதுலல்லாம் உண்டு. த்ரீ கிங்டம்ஸ்லயும் வார்ஹாமர்லயும் கடல்ல சண்டை கெடையாது, கப்பலுக்காக அதை வாங்கி ஏமாறாதீங்க. உங்க ஊருல ஸ்ரீவிஜய ராஜா சூடாமணி விகாரம் கட்டுனதும், அதுக்கு ராஜராஜன் ஆனைமங்கலம்ங்கிற ஊரைக் குடுத்ததும், அப்புறம் 1025ல ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயம் மேலேயே கப்பல் படைய அனுப்புனதும், இவ்வளவு பெரிய கதைய யாராவது ஒரு கேமா எடுக்கணும்னு நான் பல நாளா ஏங்கிக்கிட்டிருக்கேன்.

என் லேப்டாப்ல ஓடுமா? கிராபிக்ஸ் கார்டு இல்ல, 8 ஜிபி ரேம்.

ஷோகன் 2, மெடிவல் 2, ரைஸ் ஆஃப் நேஷன்ஸ் இதெல்லாம் செட்டிங்கை கொறைச்சா ஓடும். க்ரூசேடர் கிங்ஸும் ஓடும், ஆனா வருஷம் போகப் போக மேப்புல ஆளுங்க கூடி மெதுவாகும். த்ரீ கிங்டம்ஸ் லோ செட்டிங்ல சின்னப் படையா வச்சு சமாளிக்கலாம், பெரிய முற்றுகை வந்தா திணறும். வார்ஹாமர் 3ஐ நெனைக்கவே வேணாம், டிஸ்க்லயே 100 ஜிபிக்கு மேல கேக்கும்.

காசு செலவழிக்கிறதா இருந்தா மொதல்ல எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமா ஓடுற டிஸ்க்) போடுங்க. பழைய ஹார்ட் டிஸ்க்ல ஒவ்வொரு சண்டையும் லோடாகுறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாம், அந்தக் காத்திருப்புலயே பாதிப் பேருக்கு ஆசை போயிருது. எனக்கு ஒரு கடைல எஸ்எஸ்டின்னு சொல்லி ஹார்ட் டிஸ்க் போட்ட லேப்டாப்பைக் குடுத்துட்டாங்க, வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சுது, அதனால கடையிலேயே தெறந்து டாஸ்க் மேனேஜர்ல பாத்துட்டு காசு குடுங்க. சித்திரை வைகாசி வெயில்ல மெத்தை மேல வச்சு ஆடாதீங்க, அடியில காத்து போகணும். ஐப்பசி கார்த்திகைல மழை அடிச்சு கரண்டு போயிட்டு வந்துக்கிட்டிருக்கும், அப்ப ஆட்டோ சேவ் ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க, சண்டை நடுவுல சேவ் பண்ண முடியாது, களத்துல எறங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை கையாலயே சேவ் போடுற பழக்கம் நல்லது.

போன்ல ஆட முடியாதா?

முடியும். ஃபெரல்ங்கிற நிறுவனம் ரோம், மெடிவல் 2, எம்பயர் மூணையும் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் கொண்டுவந்திருக்காங்க, எம்பயர் 2024ல வந்துச்சு. ஒரு தடவை காசு குடுத்தா முழு கேம், நடுவுல வைரம் வாங்கு தங்கம் வாங்குன்னு தொல்லை இல்ல. ஆனா கையடக்கத் திரைல இருபது படைப்பிரிவை விரலால நகத்துறது சிரமம், டேப்லெட் இருந்தா வாங்குங்க. விளம்பரத்துல பெரிய போர் காட்டிட்டு உள்ள போனா எட்டு மணி நேரம் காத்திரு இல்லைன்னா காசு கட்டுன்னு சொல்ற இலவச போன் கேம் எதையும் இந்தக் கணக்குல சேக்காதீங்க, அதுல ஜெயிக்கிறது யோசனை இல்ல, பணப்பை.

எப்ப வாங்குனா கம்மி வெலை? டிஎல்சி எல்லாம் வேணுமா?

ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல ரூபாயிலேயே வெலை இருக்கும், யுபிஐல கட்டலாம். ஜூன் கடைசில வர்ற கோடை தள்ளுபடி, டிசம்பர் தள்ளுபடி இது ரெண்டுக்கும் காத்திருங்க, பழைய டோட்டல் வாருங்க வெலை நல்லா எறங்கும். மேட்டூர் தெறக்குறது ஜூன் 12, அதுக்கு அடுத்த ரெண்டு வாரத்துல இதுவும் தெறக்கும்னு நான் ஞாபகம் வச்சுக்குவேன். வாங்கி 14 நாளைக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா பணத்தைத் திருப்பிக் கேக்கலாம், அதனால வாங்குன அன்னைக்கே உங்க மெஷின்ல ஒரு பெரிய சண்டைய ஓட்டிப் பாருங்க.

டிஎல்சி மொதல்ல எதுவும் வேணாம். வெறும் கேமை ஒரு கேம்பெயின் முழுசா முடிங்க, அப்புறமும் ஆசை இருந்தா ஒண்ணு ஒண்ணா வாங்குங்க. பாரடாக்ஸ் கேம்ல எல்லா டிஎல்சியும் சேத்தா கேமோட வெலைய விட பல மடங்கு போயிரும், அண்ணன் தம்பி ஒரே வீட்டுல இருந்தா ஸ்டீம் ஃபேமிலில ஆறு பேரு வரைக்கும் சேந்து நூலகத்தைப் பகிந்துக்கலாம்.

மோட் போடலாமா?

மோட்னா ரசிகருங்க கேமை மாத்தி செஞ்சு விடுற சேர்க்கை, மொத கேம்பெயின் முடிச்சப்புறம் போடுங்க. ரோம் 2க்கு டிவைட் எட் இம்பெரா, எம்பயருக்கு டார்த்மோட், ரெண்டும் நல்லா இருக்கும். க்ரூசேடர் வார்ஸ்னு ஒரு மோட் இருக்கு, க்ரூசேடர் கிங்ஸ் 3ல சண்டை வந்தா அதை அட்டிலாவுக்குள்ள கொண்டுபோய் நீங்களே நடத்தலாம், முடிவு திரும்ப இங்க வந்துரும். ரெண்டு கேமும் வாங்கியிருக்கணும், செட் பண்றது கொஞ்சம் வேலை, ஆனா சோழ நாட்டை குடும்பத்தோட ஆண்டுக்கிட்டு படையையும் கையால நடத்தணும்னா இப்போதைக்கு இதுதான் கிட்டத்துல வர்ற வழி.

மொத கேம்பெயின்லயே முப்பது டர்ன்ல அழிஞ்சுட்டேன். எங்க தப்பு?

முக்காவாசிப் பேருக்கு நடக்குறதுதான், தப்பு பெரும்பாலும் ஒரே எடத்துலதான் இருக்கும், ரெண்டு எல்லைல ஒரே நேரத்துல சண்டை. ஆரம்பத்துல ஒரு பக்கத்துக்காரன் கிட்ட காசு குடுத்தாவது சமாதானம் வாங்குங்க, அந்தக் காசு ஒரு படைப்பிரிவோட செலவை விட கம்மியாத்தான் இருக்கும். எல்லாரோடையும் வணிக ஒப்பந்தம் கேளுங்க, மறுத்தா மூணு டர்ன் கழிச்சு மறுபடி கேளுங்க. உங்களோட சண்டைல இருக்குறவனுக்குப் பின்னாடி யாரு இருக்கான்னு மேப்புல பாருங்க, அவன்தான் உங்க இயற்கையான கூட்டாளி.

அடுத்தது, புடிச்ச ஊரை அப்படியே விட்டுட்டு அடுத்த ஊருக்கு ஓடுறது. ரெண்டு மூணு டர்ன் படைய அங்கேயே வச்சு, வரியக் கொறைச்சு, சனம் அடங்குன அப்புறம் நகருங்க. படைய கூட்டுறதுக்கு முன்னாடி அதுக்கு டர்னுக்கு எவ்வளவு சம்பளம்னு பாருங்க, வருமானத்துல பாதிக்கு மேல படைக்குப் போச்சுன்னா வயலும் சந்தையும் கட்ட காசு இருக்காது.

இதை மட்டும் செஞ்சு ஷோகன் 2ல சோசொகாபே குலத்தை எடுத்து மறுபடி ஆரம்பிங்க. ஷிகோகுங்கிற தீவுல தொடங்குறாங்க, மொதல்ல அந்தத் தீவை மட்டும் முழுசா புடிங்க, மூணு பக்கம் எதிரி இல்லாம கடலே உங்களுக்கு அகழியா இருக்கும், சோத்துக் கணக்கு பிளஸ்ல நின்ன அப்புறம் கப்பலை எறக்குங்க.